பெனிட்டா தொங்கவிட்ட ஈயக்கம்பி

செய்தி வந்தபோது நான் தொப்பம்பட்டியில் இருந்தேன். மூடிக்கிடந்த ஒரு மில்லில் பழைய நீராவி வால்வு இருக்கிறது, நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்கு ஆகுமா என்று பார்க்கப் போயிருந்தேன். போன் அடித்தது. என் மனைவி பெனிட்டா வேலை பார்த்த கல்லூரி லேபின் டெக்னீஷியன் தங்கவேல் அண்ணன். நான் அங்கே மாணவனாக இருந்த காலத்திலிருந்தே என்னை 'வாப்பா, போப்பா' என்றுதான் கூப்பிடுவார். அன்று, "தம்பி, மேடத்துக்கு லேசா மயக்கம். பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க கெளம்பி வாங்க" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்றது என் காதில் ஏறவில்லை. 'வாங்க' என்றது மட்டும் ஏறியது. வால்வைக் கையில் பிடித்தபடியே நின்றேன். யாரோ அதை வாங்கிக் கீழே வைத்தார்கள்.

பழனியில் பஸ் மாறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் குழந்தை, அன்று காலைதான் மொட்டை போட்டிருக்க வேண்டும், சந்தனம் பூசிய தலையோடு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. "ஏனுங்க, எடுத்துக்கட்டுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். திண்டுக்கல் வரும்வரை அந்தச் சந்தனம் என் சட்டையில் காய்ந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தங்கவேல் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.  

பெனிட்டாவின் நினைவுக் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். வந்தேன், உட்கார்ந்திருந்தேன், பேச வரவில்லை. இப்போது கல்லூரி மலருக்காக எழுதச் சொல்கிறீர்கள். உங்களில் பலர் அவளிடம் படித்தவர்கள், அவளோடு வேலை பார்த்தவர்கள். உங்களுக்குத் தெரிந்த பெனிட்டா மேடத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்த ஒரு காரியம் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. பொருள்களைச் சோதிக்கும் லேபில் இரும்புக் கம்பியை இழுத்து உடைக்கும் நாளில் எல்லோரும் முண்டியடித்து நிற்போம். டப்பென்று சத்தம் வந்தால் கைதட்டுவோம். மூலையில் இன்னொரு இயந்திரம் கிடந்தது. சின்ன உலைக்குள் ஒரு கம்பி, அதன் கீழே எப்போதும் மாறாத ஒரு சுமை. அதில் ஒன்றும் நடக்காது. நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பெனிட்டா அதன் பக்கத்தில்தான் ஸ்டூலைப் போட்டுக்கொள்வாள். "என்னலே, முட்டை பொரியுமான்னு பாக்குறியா?" என்று பின்னாலிருந்து கேட்பார்கள். அவள் திரும்பாமலே, "வேகமா உடையுறதைப் பாக்க ஊரே வரும். மெதுவா உடையுறதைப் பாக்க ஒரு ஆளாவது வேணும்ல" என்பாள்.

அதன் பெயர் க்ரீப். கெட்டியான பொருள், ஒரு சுமையைச் சும்மா தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று நாம் நினைப்போம். போதிய சூடு இருந்தால் அது நிற்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே இருக்கும். அவள் முதல் வகுப்பில் இதை எப்படிச் சொல்வாள் என்று உங்களுக்கு நினைவிருக்கும்: "சுமை பெரிசா இருக்கணும்னு இல்ல. எறக்கி வைக்காம இருந்தாப் போதும்."

சாயப்பட்டறையில் ஆயுத பூஜை அன்று ஆட்களின் குடும்பங்களும் வரும். கல்யாணமான முதல் வருடம் அவளையும் அழைத்துப் போனேன். கொதிகலனை நிறுத்தி, ஆறவைத்து, கதவைத் திறந்து, மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தோம். எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டிருக்க, இவள் புதுப் புடவையோடு நெருப்புக் கதவுக்குள் தலையை விட்டு, செல்போன் வெளிச்சத்தில் குழாய்களைத் தடவிக்கொண்டிருந்தாள். போர்மேன் முருகேசன் அண்ணன் ஓடி வந்தார்.

"ஏம்மா, மாப்ள வீட்டுல அடுப்பே இல்லையா? இதுக்குள்ள தலையை விடுற?"

"அண்ணே, இந்த மூணாவது குழாய் வயிறு தள்ளியிருக்கு. தொட்டுப் பாருங்க."

"பூஜைச் சுண்டல் அதுவும் தின்னுருக்கும்."

அவளும் சிரித்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை. நம் ஊர் உப்புத் தண்ணீர் குழாயின் உள்ளே படிந்து பாறையாகியிருக்கிறது, தண்ணீரால் சூட்டை வாங்கிக்கொள்ள முடியவில்லை, இரும்பு அளவுக்கு மேல் சூடாகி உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு நாள்தோறும் கொஞ்சம் இடம்விட்டிருக்கிறது என்றாள். முருகேசன் அண்ணன் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்தக் குழாயை மாற்றும்வரை கொதிகலனை மூட்டவில்லை. வெட்டி எடுத்த துண்டை அவள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வீங்கிய இடத்தில் சுவர் காகிதமாக மெலிந்திருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு அவளுடைய அம்மாவின் கல்லறைக்குப் போவோம். அவளும் அவள் அப்பாவும் நானும். மாமா ஞானப்பிரகாசம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானமே போய் இடம்பிடித்து, கல்லைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்திகளை நட்டுவிடுவார். ஒருமுறை மழை பொய்த்த வருடம். பொழுது சாயட்டும், ஏற்றலாம் என்று காத்திருந்தபோது, நட்ட மெழுகுவர்த்திகள் வெயிலில் ஒவ்வொன்றாகத் தலைகவிழ்ந்தன. உருகவில்லை, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. தன் எடையே தனக்குச் சுமையாகிக் குனிந்தன. பெனிட்டா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாரு லூயிசு, எரியறதுக்கு முன்னாடியே குனியுது."

மாமா அதட்டினார். "ஏலே, அம்மாவுக்கு ஜெபம் சொல்ல வந்தியா, மெழுகுக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

"அம்மாவும் இதைத்தான்ப்பா பாத்துக்கிட்டு இருக்கும்."

"அவளுக்கு வேற வேலை இல்லை பாரு" என்று சொல்லிவிட்டு அவரும் குனிந்து பார்த்தார்.

சமையலறை விஷயம் போன கிறிஸ்துமஸ் முடிந்து தொடங்கியது. பூண்டுக் கூடையை ஜன்னல் கம்பியில் மாட்ட எனக்குக் கட்டுக்கம்பி கிடைக்கவில்லை. கைக்கு அகப்பட்ட, ஒயர் பற்றவைக்கிற ஈயக்கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"ஈயத்துல சாமான் தொங்கவிட்ட ஒரே மெயின்டனன்ஸ் இன்ஜினியர் நீதான். வெளிய சொல்லிராத."

"இழுத்துப் பாரேன். அறுதா?"

"இப்ப அறாது. எப்பவும் அறாதுன்னு யாரு சொன்னா?"

"அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் நிக்கும்."

"இந்த அடுப்படியிலயா? நம்ம ஊரு வெயிலே ஈயத்துக்கு உலைதான்ப்பா."

அது உண்மை. இரும்பு செக்கச் சிவந்து காய்ந்தால்தான் நெகிழத் தொடங்கும். ஈயம் சீக்கிரம் உருகுகிற பொருள். அதனால் நாம் வேர்த்து நிற்கும் சூடே அதற்குப் போதும். அவள் சும்மா விடவில்லை. பட்டறையிலிருந்து நூல் சுற்றும் பாபின் இரண்டைக் கொண்டுவரச் சொன்னாள். ஒன்றை ஜன்னலின் மேல்கம்பியில் கட்டினாள். ஈயக்கம்பியின் ஒரு முனையை அதில் பல சுற்று சுற்றி இறுக்கி, மறுமுனையை இன்னொரு பாபினில் சுற்றி, அதன் கீழே எங்கள் பழைய கேட்டின் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டாள். பெரிய பூட்டு, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். தினமும் காலையில் பால் காயும் நேரத்தில், பூட்டின் அடி எங்கே நிற்கிறதோ அங்கே ஜன்னல் சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள்.

முதல் சில நாள் வேகமாக இறங்கியது. பிறகு நிதானமானது. ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டிலிருந்து ஒரு மயிரிழை கீழே, ஒரே மாதிரி. எனக்கு அலுத்துவிட்டது. "நின்னுபோச்சு, அவ்வளவுதான்" என்றேன். அவள் பால் பாத்திரத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்த நடுப்பகுதிதான் பெரிசு. ஒண்ணுமே நடக்கலைன்னு தோணும். எல்லாம் இங்கதான் நடக்கும்."

பங்குனியில் அவள் இறந்துபோனாள். வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று சொன்னீர்கள். டாக்டர் என்னை உட்காரவைத்து ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய், அதன் சுவரில் ஒரு இடத்தில் சின்ன வீக்கம். பல வருடமாக இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்கே தெரிந்திருக்காது என்றார். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கொதிகலனிலிருந்து வெட்டியெடுத்த அந்தக் குழாயை அவள் பலகையில் இப்படித்தான் வரைவாள். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ரத்தக்குழாய் உயிருள்ளது, இரும்பு உயிரில்லாதது. இப்படி ஒப்பிட்டுப் பேசியிருந்தால் முதலில் அவளே திட்டியிருப்பாள். ஆனாலும் அந்தப் படம் போகவில்லை. இன்றும் பட்டறையில் எந்தக் குழாயின் பக்கத்தில் நின்றாலும் கை தானாகப் போய்த் தடவுகிறது.

அடக்கம் முடிந்து, வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஜெபமாலை, சாப்பாடு, பாய், மறுபடி ஜெபமாலை. எல்லோரும் போன பிறகு ஒரு காலையில் பால் வைத்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

பூட்டு அவளுடைய கடைசிக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அவள் இல்லை. அவள் மாட்டிய சுமை வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் அழுகை நடந்தபோது, பெட்டியை ஆணியடித்தபோது, நாங்கள் கல்லறையில் மண் அள்ளிப் போட்டபோது, இது இங்கே ஆள் இல்லாத சமையலறையில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.  அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன்.

அன்றிலிருந்து தினமும் போட்டேன். சட்டத்தைப் பார்த்தால் அவளுடைய கோடு எது, என்னுடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இடைவெளி மாறவேயில்லை. அந்த முதல் சில நாட்களை விட்டால், ஒரே ஒரு இடத்தில் மட்டும் அகலமாக இருந்தது. அது அடக்கத்தின் நாட்கள்.

வேலைக்குப் போனேன், வந்தேன். யாராவது "எப்படிப்பா இருக்க?" என்றால் "இருக்கேன்ணே" என்றேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்போடு சமையலறைக்குப் போய் அந்தக் கம்பியைப் பார்ப்பேன். அது இருந்தது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை அவள் தொடங்கிய ஏதோ ஒன்று இந்த வீட்டில் முடியாமல் இருக்கிறது. அது போதுமாக இருந்தது.

கத்திரி வெயில் வந்தது. கோடுகளுக்கு இடையே தூரம் கூடத் தொடங்கியது. கம்பியின் நடுவில் ஒரு இடம் மட்டும் லேசாக மெலிந்தது. இது கடைசிப் பகுதி என்று எனக்குத் தெரியும். அவள் பாடத்தில் இருந்தது இதுதான். அந்த வாரம்தான் மாமா என்னோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று பையோடு வந்து இறங்கினார். கம்பியைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். ஊரிலிருந்து தினமும் காலையில் போன் செய்து, "எம்புட்டு எறங்கியிருக்கு மாப்ள?" என்று கேட்பவர் அவர்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தேன். இட்லிக் குண்டானைக் கவிழ்த்து, அதன்மேல் செங்கல் அடுக்கி, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தது. பூட்டு அதில் உட்கார்ந்திருந்தது. ஈயக்கம்பி தொய்ந்து வளைந்து நின்றது.

"மாமா, இது யாரு வச்சது?"

"நான்தான் மாப்ள. நடுவுல நூலாட்டம் ஆயிப்போச்சு. இன்னைக்கோ நாளைக்கோ அறுந்துரும். அதான் முட்டுக் குடுத்தேன்."

"அது அறுறதுக்குத்தான் மாமா தொங்கவிட்டுருக்கு."

"ஏலே, அறுறதுக்குன்னு எவனாச்சும் தொங்கவிடுவானா?"

"உங்க மகதான் தொங்கவிட்டா."

அவர் துண்டின் ஓரத்தைச் சரிசெய்தார். தூங்கும் குழந்தையின் தலைக்குக் கீழே செய்வதுபோல இருந்தது அது. "சின்னப்புள்ளையில என் பஸ்ல கூட்டிட்டுப் போவேன். மேல சாமான் வைக்கிற கம்பி தொஞ்சிருக்கே, ஏன்ப்பான்னு கேப்பா. கொடைரோட்டுல ஏறுற அம்புட்டுப் பேரும் பலாப்பழத்தைத் தூக்கி வச்சா தொய்யாம என்ன செய்யும்னேன். அப்ப ராத்திரி பழம் இல்லாதப்ப ஏன் நிமிரலைன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. இப்பயும் தெரியாது." கையைத் துண்டிலிருந்து எடுத்தார். "அவ கட்டுனது மாப்ள. இருக்கட்டுமே. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நான் குண்டானை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை என்பதே உண்மை. மாமா செய்ததை நானே செய்ய எத்தனையோ முறை கை நீட்டியிருக்கிறேன். அவருக்கு க்ரீப் பாடம் தெரியாது, எனக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். கம்பி அறாது. இப்படியே வருடக்கணக்காக இருக்கும். மாமா சமைத்தார், நான் சாப்பிட்டேன்.

காலையில் பால் வைத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். குண்டான் நிறுத்திய இடத்திலேயே பூட்டு நின்றது. கோடு போட்டேன். மறுநாள் போட்டதும் அதே கோட்டின்மேல் விழுந்தது. அதற்கடுத்த நாளும். ஒரே இடத்தில் பென்சில் கறுத்துத் தடித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பங்குனியிலிருந்து எனக்கு வராத ஒன்று அப்போது வந்தது.  அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்தார். "என்னடா? என்ன செய்யுது? நெஞ்சு வலிக்குதா?"

"நின்னுபோச்சு மாமா."

"என்னது நின்னுபோச்சு?"

"எறங்கலை. அவ போயிட்டா மாமா."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாயில் இருந்த பற்பசையை வேட்டி நுனியில் துடைத்தார். இருவரும் அழுதோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். சற்று நேரம் கழித்து அவர் எழுந்து குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"அறுந்தா என்ன தெரியும் மாப்ள?"

"எம்புட்டு நாள் தாங்குச்சுன்னு தெரியும்."

"அறாம இப்படியே இருந்தா?"

"ஒண்ணும் தெரியாது. நாம வெளையாடுனோம், அவ்வளவுதான்."

அவர் குண்டானைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். "அப்ப எடு" என்றார். "நான் பூட்டைப் புடிச்சுக்கிறேன். நீ கீழ உருவு."

"வெடுக்குன்னு விட்ராதீங்க மாமா. மெதுவா."

"ஓடுற பஸ்ல முப்பது வருசம் நின்னவன்டா. எனக்குச் சொல்லித்தாரியா?"

அவர் இரண்டு கைகளாலும் பூட்டை ஏந்திக்கொண்டார். நான் துண்டை எடுத்தேன், செங்கல்லை எடுத்தேன், குண்டானை எடுத்தேன். அவர் கைகளைத் தாழ்த்தத் தாழ்த்தக் கம்பி நிமிர்ந்தது. கடைசியில் அவர் விரல்களைப் பிரித்தபோது அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. கம்பி தாங்கிக்கொண்டது. கீழே சாக்கு விரித்தோம்.

சில நாட்கள் கழித்து ஒரு முற்பகல். விடுமுறை நாள். முன்அறையில் மாமா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், படிக்கவில்லை. சமையலறையில் தொப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. மாமாவின் கை நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்திருக்கவில்லை. "நீ போய்ப் பாரு" என்றார்.

பூட்டு சாக்கின்மேல் ஒருச்சாய்ந்து கிடந்தது. மேலே தொங்கிய பாதியின் முனை, ஊசிபோல் கூர்மையாக இழுபட்டிருந்தது. கம்பியை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் முடிச்சில்தான் அறும், அந்தச் சோதனை கணக்கில் சேராது. அதற்காகத்தான் அவள் அவ்வளவு மெனக்கெட்டு பாபினில் சுற்றியிருந்தாள். இது பாபினிடம் அறவில்லை. நட்ட நடுவில் அறுந்திருந்தது.

"நடுவுலதான் மாமா" என்று குரல் கொடுத்தேன்.

"நல்லதா, கெட்டதா?"

"நல்லது. சரியாக் கட்டியிருக்கா."

 கொஞ்ச நேரத்தில் முன்அறையில் மறுபடி வெங்காயம் உரிக்கும் சத்தம் கேட்டது.

அறுந்த கம்பியையும் பாபின்களையும் தங்கவேல் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். லேபில் இருக்கிறது, மாணவர்கள் கேட்டால் காட்டுவார். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு நேரம். காலையில் பால் காயும் நேரம். எதுவும் நடக்காத இடத்தைப் பார்த்துக்கொண்டு அவசரமில்லாமல் நிற்பது. ஜன்னலில் இப்போது ஒன்றும் தொங்கவில்லை. இருந்தும் நிற்கிறேன். மாமா ஊருக்குப் போய்விட்டார். அதே நேரத்துக்குப் போன் வருகிறது. எம்புட்டு எறங்கியிருக்கு என்று கேட்க அவருக்கும் ஒன்றும் இல்லை. "பால் காச்சிட்டியா மாப்ள?" என்கிறார். "காயுது மாமா" என்கிறேன்.  யாரும் முதலில் போனை வைப்பதில்லை.